கரையில் கால் வைக்கும் வரை

அவளை முதலில் பார்த்தபோது நான் ஆயா என்றுதான் கூப்பிட்டேன்.

“ஆயா, அந்தக் கருவாட்டுக் கூடையை வெளிய வச்சிட்டு வந்து உக்காரு. உள்ள நோயாளிங்க இருக்காங்க.”

அவள் மறுபேச்சு பேசாமல் கூடையை வாசல் ஓரமாக வைத்துவிட்டு வந்து பெஞ்சில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தாள். நான் சீட்டு எழுத ஆரம்பித்தேன். பேர் தனக்கொடி, ஊர் கனகசெட்டிக்குளம். வயதை நானே ஐம்பது என்று எழுதிவிட்டு ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

“ஐம்பது இருக்குமா ஆயா?”

“இருபத்தேழு நடக்குதுக்கா” என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. காலையிலிருந்து நின்ற காலில் நிற்கிறேன், ஒரு கிழவி வந்து கிண்டல் பண்ணுகிறாளே என்று நிமிர்ந்தேன். அப்போதுதான் அந்தக் குரல் காதில் சரியாக விழுந்தது. அது கிழவியின் குரல் இல்லை. பல்வரிசை முழுசாக இருந்தது. முடி செம்பட்டையாக வறண்டு கிடந்ததே தவிர அதிகம் நரைக்கவில்லை. மற்றதெல்லாம் கிழவிதான். நெற்றியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். கண்ணைச் சுற்றிக் கசக்கிப் போட்ட துணி மாதிரிச் சுருக்கம். கன்னத்தில் கருந்திட்டுகள். உதடு வெடித்து ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. பின்கழுத்துத் தோல் தடித்துக் கட்டம் கட்டமாகப் பிளந்திருந்தது. கழுத்தைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவள் நான். அந்தப் பீற்றல் அன்றோடு போயிற்று.

இது நடந்தது 1958-ல். உப்பளம் பேட்டையில் டாக்டர் தெய்வநாயகத்தின் கிளினிக்கில் நான் நர்ஸாக இருந்தேன். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கி நாலு வருஷம் ஆகப்போகிறது, டாக்டருக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. வருகிறவர்களை ‘போன்ழூர்’ என்றுதான் வரவேற்பார். ஊரும் அவரை ஐயா என்காமல் பிரெஞ்சில் முசே என்றுதான் கூப்பிடும். நல்ல மனுஷர். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

முசே அவளுடைய புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, விரலை எடுத்தார். தூக்கின தோல் தூக்கினபடியே நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அவர் என்னைப் பார்த்து அவள் ரவிக்கையின் கையை மேலே ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். துணி மறைத்திருந்த அந்த இடத்தில் வழவழவென்று, மாசு மரு இல்லாமல், ஒரு சின்னப் பெண்ணின் தோள் இருந்தது. முசே அங்கேயும் கிள்ளி விட்டார். தோல் உடனே தன் இடத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

“பாத்தியா சுலோசனா? ஒரே உடம்பு. வெயில் பட்ட எடத்துக்கு ஐம்பது வயசு, படாத எடத்துக்கு இருபத்தேழு.”

தனக்கொடி தன் தோளைத் தானே குனிந்து பார்த்தாள். யாரோ தெரிந்தவர்களைப் பார்த்ததுபோல அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

முசே பேச ஆரம்பித்தார். தோல் ஒரே படலம் இல்லை என்றார். மேலே மெல்லிசாக ஒன்று, அதற்கு அடியில் நாரும் இழையுமாகப் பின்னிக் கிடக்கிற இன்னொன்று. அந்த இழைகள்தான் தோலை இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. சிரித்த முகம் மறுபடி பழைய முகமாவது அவற்றால்தான். வயதானால் எல்லோருக்கும் அவை தளரும், ஆனால் அது மெதுவாக வரவேண்டியது. வருஷக்கணக்கில் வெயில் உள்ளே இறங்கினால் இழைகள் அறுந்து கட்டி கட்டியாகச் சுருண்டு போகும். அப்புறம் தோலுக்குப் பிடிமானம் கிடையாது. மேல் தோல் ஒரு பக்கம் தடிக்கும், ஒரு பக்கம் திட்டுத் திட்டாகக் கறுக்கும். கருவாட்டு உப்பு வேறு, இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

அவள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள்.

“அறுந்த இழையைத் திரும்பக் கட்ட முடியாதா முசே? வலை அறுந்தா நாங்க கட்டிக்கிறமே.”

“இந்த வலையைக் கட்டுறதுக்கு ஊசி கெடையாதும்மா. போனது போனதுதான், ஃபினி. ஆனா மிச்சத்தைக் காப்பாத்தலாம். இன்னிலேர்ந்தே ஆரம்பிக்கணும். வெயில் ஏறினப்புறம் கருவாட்டுக் களத்துல நிக்காத. நிக்கத்தான் வேணும்னா தலையில முந்தானையைப் போட்டுக்கோ, மூஞ்சியில நெழல் விழணும். வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணியில கழுவிட்டு எண்ணெய் தடவு. படுக்கறப்பவும் தடவு.”

அவள் பதறி எழுந்துவிட்டாள். கை தாலியைப் பிடித்துக்கொண்டது.

“முக்காடா? அய்யோ முசே, அவரு உசுரோட இருக்காரு! எண்ணெயும் கூடாது. வேற இன்னா மருந்து வேணா குடுங்க. ஊசி போடுங்க, எத்தினி வேணா போடுங்க. அடுத்த மாசம் அவரு வந்துடுவாரு. அதுக்குள்ள எனக்குப் பழையபடி ஆவணும்.”

முசேக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்து, என்ன சங்கதி என்று கேட்டேன்.

புருஷன் பேர் குமாரவேல். கல்யாணமான மறு வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பல் ஏறினான். அங்கே சண்டை முடிந்ததும் அல்ஜீரியா, அப்புறம் பிரான்ஸ். எட்டு வருஷமாகக் கடிதம் வருகிறது, ஆள் வரவில்லை. லீவு கிடைத்தால் கப்பல் கிடைக்கவில்லை, கப்பல் கிடைத்தால் லீவு கிடைக்கவில்லை என்று எழுதுவான். இப்போதுதான் நிஜமாக வருகிறான். வந்து அவளைப் பிரான்சுக்கே அழைத்துப் போகப்போகிறான். ‘என் தனக்கொடி கப்பல் படியில் ஏறுவதைத் தினமும் கனவில் பார்க்கிறேன்’ என்று எழுதியிருந்தானாம். அதை அவள் மனப்பாடமாகச் சொன்னாள்.

“எண்ணெய்க்கும் அதுக்கும் என்னடி சம்பந்தம்?” என்றேன்.

அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம். ஆம்பளை கடலுக்குப் போயிருக்கும்போது பெண்டாட்டி தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது, அவன் வெயிலில் கிடக்க இவள் நிழலில் உட்காரக் கூடாது. தலையில் முந்தானை போடவே கூடாது, அது தாலி அறுத்தவள் செய்வது. அவன் கரையில் கால் வைத்த பிறகு எல்லாம் செய்துகொள்ளலாம். கட்டுமரம் விடியலில் போனால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடும். ஆக இது அரை நாள் சங்கதி. யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. அந்த அரை நாளை எட்டு வருஷமாக இழுத்தவள் அவள் மாமியார் பச்சையம்மாள். மகன் கடல் தாண்டிப் போயிருக்கிறான், அவன் கால் இந்தக் கரையில் படுகிற வரைக்கும் கடலில் இருக்கிற கணக்குத்தான் என்று சொல்லிவிட்டாளாம்.

“அவ சொன்னா? உனக்கு மூளை எங்க போச்சு?” என்று கத்தினேன். ஆஸ்பத்திரி என்பதே மறந்துவிட்டது.

“மொதல்ல நானும் கேக்கலக்கா. மொத தீபாவளிக்கு எண்ணெய் தேச்சித் தலை முழுவினேன். பொங்கலுக்குள்ள தந்தி வந்துட்டுது. அவரு கால்ல குண்டு பாஞ்சிட்டுதுன்னு.” அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். “அப்புறம் ஒரு சொட்டு தொட்டதில்ல. எத்தினி பேரு அங்க செத்தாங்க, அவரு சாவலியே.”

குண்டுக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை என்று படித்தவர்கள் சொல்லிவிடலாம். நானும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. புருஷன் உயிரோடு வருகிறான், அதைவிடப் பெரிய சாட்சி அவளுக்கு எதற்கு?

என் பையில் எப்போதும் ஒரு வாஸ்லின் டப்பா இருக்கும். குடையும் வாஸ்லினும் இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவளுக்கு எதற்கு இத்தனை சிங்காரம் என்று என் அம்மாவே கேலி செய்வாள். அந்த டப்பாவை அவள் கையில் வைத்தேன்.

“இது எண்ணெயாக்கா?”

மருந்து என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. “எண்ணெய் மாதிரிதான்” என்றேன்.

“அப்ப அவரு கரையில கால வச்சதும் தடவிக்கிறேன்” என்று மடியில் முடிந்துகொண்டாள்.

அந்த ஒரு மாதமும் கருவாடு விற்க டவுனுக்கு வரும்போதெல்லாம் கிளினிக்குக்கு வந்தாள். வேப்பமரத்தடியில் கூடையை இறக்குவாள், தான் மட்டும் மரத்து நிழலைத் தாண்டி வெயிலில் போய் நிற்பாள். நான் குடையை எடுத்துக்கொண்டு போனால் நகர்ந்துகொள்வாள். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாள்தானேக்கா என்று சிரிப்பாள். சிரிக்கும்போது உதடு வெடித்து ரத்தம் கசியும். அதை நாக்கால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரிப்பாள். அந்தப் பச்சையம்மாளைக் கண்ணால் பார்க்காமலே எனக்கு அவள் மேல் அப்படியொரு ஆத்திரம்.

கப்பல் வந்த அன்று அவள் வந்து என்னையும் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். “நீங்கதான் தடவி வுடணும்” என்றாள். கடலுக்குள் நீண்டிருந்த பழைய கப்பல் பாலம் புயலில் போனதிலிருந்து கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களைச் சலங்குப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். கூட்டத்தில் பச்சையம்மாளை முதல்முறையாகப் பார்த்தேன். வெள்ளைப் புடவையை முக்காடு போட்டு, நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தாள். அதன் அடியில் முகம் சுருக்கமில்லாமல் இருந்தது, கன்னம் எண்ணெய்ப் பசையில் மினுமினுத்தது. புருஷன் செத்த நாளிலிருந்து போட்ட முக்காடு அவளுக்கு நிழலாக இருந்திருக்கிறது. புருஷன் உயிரோடு இருந்த பாவத்துக்கு இவள் வெறுந்தலையோடு காய்ந்திருக்கிறாள். மாமியாரும் மருமகளும் அக்கம்பக்கமாக நின்றபோது, எவள் மாமியார் என்று கேட்டால் யாரும் தப்பாகத்தான் கைகாட்டியிருப்பார்கள்.

சலங்கு கரையைத் தொட்டது. கோட்டும் தொப்பியுமாக, லேசாக ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து ஒருத்தன் இறங்கினான். முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து ஈர மணலில் கால் வைத்தான். தனக்கொடி என் கையை நொறுக்குவதுபோலப் பிடித்திருந்தாள். பச்சையம்மாள் ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவனும் அழுதான். அழுதுகொண்டே நிமிர்ந்து அவன் கண் இந்தப் பக்கம் வந்தது, தனக்கொடியின் முகத்தில் ஒரு நொடி நின்றது, தாண்டிப் போயிற்று. கூட்டத்தில் யாரையோ தேடியது. மறுபடி திரும்பி வந்தது.

பிறகு நல்ல பிள்ளையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து குனிந்து தனக்கொடியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“பெரியம்மா, நல்லா இருக்கியா? தனக்கொடி எங்க?”

பச்சையம்மாளுக்கு ஒரு அக்காள் இருந்தாளாம், அவள்தான் என்று நினைத்துவிட்டான். தனக்கொடி என் கையை விட்டுவிட்டுக் கை கூப்பினபடி நின்றாள். கடைசியில் பச்சையம்மாள்தான், “டேய், அவதான்டா” என்றாள். அவன் எழுந்தான். அவன் முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். அது வெறுப்பு இல்லை. பயந்துபோன முகம் அது. அவள் அதைப் பார்த்துவிடக் கூடாதே என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

டப்பாவை அன்று யாரும் திறக்கவில்லை.

ஆனால் மறுநாளிலிருந்து அவள் விடவில்லை. அவன் கரையில் இருக்கிறானே, இனி தடை ஏது? எண்ணெய், மஞ்சள், வாஸ்லின் என்று பூசினாள். களத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் வந்தபோது உதட்டு வெடிப்பு ஆறியிருந்தது. புறங்கைப் புண் மூடியிருந்தது. கன்னத்தில் ஒரு மினுமினுப்பு வந்திருந்தது. கோடுகள் போகவில்லை, போகாது. “மிச்சத்தைக் காப்பாத்தலாம்னு சொன்னேன் இல்ல?” என்று முசே சந்தோஷப்பட்டார். அவள் கேட்டது அது இல்லை.

“இன்னும் எத்தினி நாள் பூசினா இந்தக் கோடெல்லாம் போவும் முசே?”

முசே மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் குமாரவேலே வந்தான். பழைய குண்டுக் காயம் மறுபடி புண்ணாகி வலிக்கிறதாம். தனக்கொடியும் கூட வந்தாள், மஞ்சள் பூசின முகமும் புதுப் புடவையுமாக. இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், நடுவே இன்னொரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டு. பக்கத்தில் இருந்த ஒரு தவளக்குப்பத்து அம்மாள் சும்மா இருக்க முடியாமல் பேச்சுக் கொடுத்தாள்.

“பட்டாளத்துலேர்ந்து வந்திருக்கியா தம்பி? கண்ணு பட்டுடப் போவுது, ராசா மாதிரி இருக்க. அம்மாவா இது? கொடுத்து வச்சவங்க.”

நான் பஞ்சை நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் கையிலேயே நின்றது. தெரியாமல் பெரியம்மா என்றவன் இப்போது தெரிந்து என்ன சொல்லப்போகிறான் என்று அவன் வாயையே பார்த்தேன். அவன் தொப்பியை மடியில் திருப்பித் திருப்பி வைத்தான்.

“ஆமா” என்றான்.

தனக்கொடி அந்த அம்மாளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், வேப்பமரத்தையும் தாண்டி, பழைய இடத்தில் வெயிலில் நின்றாள்.

அவனுக்குக் கட்டுப் போடும்போது நான் வேண்டுமென்றேதான் பிளாஸ்திரியை இழுத்துப் பிய்த்தேன். அவன் கத்தவில்லை.

“அவளை இட்டுனு போறீங்க இல்ல?” என்று கேட்டேன்.

“எட்டு வருஷமா ஒரு பொண்ண நெனச்சிக்கினே இருந்தேன் நர்சம்மா. அந்த நெனப்புலதான் பொழச்சேன். அந்தப் பொண்ண நான் எங்க போய்த் தேடுறது?” அவன் கண் கலங்கியிருந்தது. நடிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. “அங்க எங்க ரெஜிமான்ல எல்லாரும் வெள்ளக்கார மதாமோட வருவாங்க. இவளை நான் என்னான்னு சொல்லுவேன்?”

“பொண்டாட்டின்னு சொல்லுங்க. நீங்க சாவக் கூடாதுன்னு அவ வெயில்ல நின்னா. அந்தப் பொண்ணு அங்கதான் போச்சு. வேற எங்கயும் தேட வேணாம்.”

“நானா நிக்கச் சொன்னேன்?” என்றான்.

அவன் சொல்லவில்லைதான். கட்டை முடித்து அனுப்பிவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

கப்பல் புறப்படுகிற நாள் காலையில் தனக்கொடி கிளினிக் வாசலில் நின்றாள். பேப்பரெல்லாம் முடித்து அப்புறம் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறானாம். “கூப்புட மாட்டாருக்கா” என்று சாதாரணமாகச் சொன்னாள். “நீங்க கரைக்கு வரீங்களா? அன்னிக்கும் நீங்க இருந்தீங்களே.” முசேயிடம் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அதே மணல், அதே கூட்டம். பச்சையம்மாள் மகனுக்கு நெற்றியில் விபூதி பூசி, கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு தனக்கொடியின் முன்னால் வந்து நின்றான். “உடம்பப் பாத்துக்கோ” என்றான். இது அவன் நினைத்துச் சொன்னதா, அல்லது வேறு எதுவும் வாயில் வராமல் வந்து விழுந்ததா, தெரியவில்லை. அவள் தலையை ஆட்டினாள். அவன் சாய்ந்து சாய்ந்து நடந்து சலங்கில் ஏறினான்.

துடுப்புப் போட்டார்கள். பச்சையம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு மருமகள் பக்கம் திரும்பினாள்.

“படகு கரைய வுட்டுட்டுது. போய் மூஞ்சியக் கழுவிக்கினு வா. மஞ்சள் ஒட்டிக்கினு இருக்குது பாரு.”

“அந்தப் புள்ளதான் இவளை வுட்டுட்டுப் போயிட்டானே, இன்னுமா?” என்று நான் குறுக்கே விழுந்தேன்.

“நீ சும்மா இரும்மா. இவ மொகம் போனா இன்னா, எம்புள்ள உசுரோட வந்தான் இல்ல? இவதான் காப்பாத்துனா. இனிமேலும் இவதான் காப்பாத்தணும்.” பச்சையம்மாள் இதைத் திட்டுவதாகச் சொல்லவில்லை. மருமகளைப் பெருமையாகத்தான் சொன்னாள். அந்தக் கிழவிக்கு இவள் மேல் இருந்த நம்பிக்கையைக் கண்டு எனக்கு உடம்பு கூசியது.

சலங்கு முதல் அலையில் ஏறி இறங்கியது. தனக்கொடி தண்ணீர்ப் பக்கம் போவாள் என்று பார்த்தேன். அவள் மடியை அவிழ்த்தாள். வாஸ்லின் டப்பா. மூடியைத் திருகித் திறந்து, இரண்டு விரலால் வழித்து எடுத்து, நெற்றியில் வைத்துத் தேய்த்தாள்.

“அடியே! இன்னாடி பண்ற? புள்ள தண்ணியில இருக்கான்டி!”

“தெரியும் அத்த” என்றாள் தனக்கொடி. “தெரிஞ்சிதான் தடவுறேன்.”

கன்னத்தில் தடவினாள். உதட்டில் தடவினாள். மூக்கு, காது, கண்ணுக்குக் கீழே. கண்ணீர் வந்துகொண்டே இருந்தது, அதன் மேலேயே தடவினாள். பச்சையம்மாள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு, “கொல்றாளே, எம்புள்ளயக் கொல்றாளே” என்று கூச்சல் போட்டாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. படகில் இருந்தவனும் திரும்பிப் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன். இன்னும் ஆள் தெரிகிற தூரம்தான். அடுத்த அலை பெரியதாக வந்துகொண்டிருந்தது.

“அக்கா, பின்கழுத்துக்குக் கை எட்டல” என்று டப்பாவை என்னிடம் நீட்டினாள். “நீங்க தடவி வுடுங்க.”

எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. படித்தவள், மருந்து தெரிந்தவள். எண்ணெய் தடவினால் தோல் மெத்தென்று ஆகும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று அவளுக்கே பாடம் நடத்தினவள். இருந்தும் விரலில் வாஸ்லினை எடுத்தவுடன் என் கை அப்படியே நின்றுவிட்டது. கண் என்னையும் அறியாமல் படகுக்குப் போயிற்று. அந்த அலையில் அது மூக்கைத் தூக்கி நின்றது, மறைந்தது. தனக்கொடி எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்தபடி காத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

படகு மறுபடி தெரிகிற வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. அது ஒன்றுதான் அன்று நான் அவளுக்குச் செய்ய முடிந்தது. தடித்துப் பிளந்த அந்தக் கழுத்தில் கை வைத்து, பிளவு பிளவாக அழுத்தித் தேய்த்தேன். இந்தத் தோல் திரும்பாது, இழை அறுந்தது அறுந்ததுதான். ஆனாலும் விரலுக்கு அடியில் அது கொஞ்சம் இளகியது.

தேய்த்து முடித்ததும் அவள் நிமிர்ந்தாள். புதுப் புடவையின் முந்தானையை இழுத்து, முசே சொன்ன மாதிரியே முகத்தில் நிழல் விழுகிற அளவுக்குத் தலையில் போட்டு, ஓரத்தைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். பச்சையம்மாளின் கூச்சல் சட்டென்று நின்றது. அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

தனக்கொடி டப்பாவை வாங்கி மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“வெயில் ஏறுதுக்கா, போவலாம்” என்றாள்.